விடலைக் காதலும் வீட்டுக் கதவும்

விடலைப் பருவத்துக் காதலைச் சிரிப்பாகச் சொல்லும் சிறு படங்களைப் பற்றி நம்மவரிடையே இருவகைப் பேச்சு நடக்கிறது. வயதுக் கோளாறுதானே, சிரித்துவிட்டுப் போகாமல் இதற்கொரு கண்டனமா என்பது ஒன்று. இந்தப் படங்களால்தான் ஊர் கெட்டது, பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவதே பாதுகாப்பு என்பது மற்றொன்று. முதற்பேச்சைப் பேசுவோர் பெரும்பாலும் இளைஞர். இரண்டாவதைப் பேசுவோர் அவர்களைப் பெற்றவர்கள். ஒரே வீட்டுத் திண்ணையில் இரண்டும் ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். இரண்டையும் நாம் மறுக்கிறோம். பார்வைக்கு எதிரெதிராகத் தோன்றினும் இவை ஒரே கணக்கின் இரு பக்கங்கள். சிரிப்பு பையனுடையது, செலவு பெண்ணுடையது என்னும் அக்கணக்கை இரு சாராருமே கேள்வி கேட்பதில்லை.

கிதாபு ஓதிக்கொடுக்கும் ஒருவருக்குச் சினிமாவில் என்ன வேலை என்று சில அன்பர்கள் வினவக்கூடும். நம்மிடம் பாடம் கேட்கும் பிள்ளைகளின் சட்டைப்பையில் கைபேசி இருக்கிறது; கைபேசிக்குள் படம் இருக்கிறது. அவர்கள் காண்பதை அறியாமல் அவர்களுக்குப் புத்தி சொல்ல முனைவது, நோயைக் காணாமல் மருந்து கொடுப்பதாகும். காணாமலே ஏசுவது எளிது. அந்த எளிமையை மிம்பரில் ஏறும் சிலருக்கே விட்டுவிடுகிறோம். நாம் உட்கார்ந்து பார்த்தோம். பார்த்ததைக் கொண்டே பேசுகிறோம்.

தமிழில் இவ்வகைப் படங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1979இல் பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதற்படமான ‘அழியாத கோலங்கள்’ மூன்று சிறுவர்களின் கதை. ஊருக்கு வரும் ஆசிரியை மீது அவர்களுக்கு இனந்தெரியாத மயக்கம். அந்த மயக்கத்தை அப்படம் காதல் என்று கொண்டாடவில்லை, சிறுவர்களைத் தூற்றவுமில்லை. அதைவிட முக்கியமாக, ஆசிரியையின் மதிப்பு ஓர் இம்மியும் குறையாமல் கதை நடக்கிறது. பின்னர் 1981ஆம் ஆண்டு வந்தது. ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘பன்னீர் புஷ்பங்கள்’ என்னும் இரண்டும் அவ்வோராண்டிலேயே வெளியாயின. பள்ளிச் சீருடை என்பது காதலுக்குரிய ஆடையாகத் தமிழ்த்திரையில் நிலைபெற்றது அதன் பிறகே என்பது நம் கருத்து. 2002இல் வந்த ‘துள்ளுவதோ இளமை’யில் அந்த ஆடைக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. 2009இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்து விராச்சிலைக்காரர் பாண்டிராஜ் ‘பசங்க’ எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளைக் காதலர்களாக்காமலே பள்ளிக்கூடத்தைப் படமாக்கலாம் என்று காட்டி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது அது. நம் மண்ணிலிருந்து போன படம் என்பதால் சற்றுப் பெருமையோடேயே சொல்கிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக நெருங்கியது 2012 ஆகஸ்டில் வெளியான ‘அட்டகத்தி’. பா. ரஞ்சித்தின் முதற்படம். பெரிய நடிகர் இல்லை, பெருமுதலும் இல்லை. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் தோற்ற பையன் ஒருவன் டுடோரியலுக்குப் போகிறான். பேருந்தில் வரும் மாணவி ஒருத்தியைப் பார்த்துத் தனக்குக் காதல் வந்துவிட்டதென்று முடிவு கட்டிக்கொள்கிறான். அவளோ தன்னைப் பின்தொடர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். படங்களில் பார்த்தபடி சோகமாக இருக்க அவன் முயல்கிறான். சோகம் வரமாட்டேன் என்கிறது. நாம் வாய்விட்டுச் சிரித்த இடம் அது. பின்னர்க் கல்லூரியில் அவளை மீண்டும் காண்கிறான். மீண்டும் கோட்டை கட்டுகிறான். அவள் மனத்திலோ வேறொருவன். அட்டையால் செய்த கத்தி எதையும் அறுக்காது. பையனின் வீரமும் காதலும் அத்தகையவை என்பதே தலைப்பு.

இப்படத்தில் நாம் ஒப்பாதவையும் உண்டு. கல்லூரி மாணவர் பேருந்தில் அடிக்கும் கொட்டத்தை இத்தனை ஆசையோடு காட்டியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று சொல்வோம்: இதில் மறுப்பு மறுப்பாகவே நிற்கிறது. பெண் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு வேண்டாம் என்றே பொருள். சிரிப்பு முழுவதும் அவனை நோக்கியே பாய்கிறது.

பெரிய நட்சத்திரங்களின் படங்களில் இது நடவாது. ஐந்நூறு அரங்குகளில் விசிலடிக்கக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னே நாயகனை ஒரு பெண் மறுத்துவிட்டுப் போனால் முதல் போட்டவர் கதி என்னாவது? ஆதலின் முற்பாதியில் அவள் சொல்லும் ‘வேண்டாம்’ பிற்பாதியில் ‘வேண்டும்’ ஆகியே தீரவேண்டும். சிறு படத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. தன் நாயகனை முட்டாளாக்க அதற்குத் துணிவுண்டு. ஸ்காட்லாந்தில் பில் போர்சைத் என்பவர் 1981இல் மிகச் சொற்பச் செலவில் ‘கிரிகரிஸ் கேர்ள்’ என்றொரு படம் எடுத்தார். பள்ளிக் கால்பந்துக் குழுவில் கிரிகரியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நன்றாக ஆடும் ஒரு மாணவி மீது அவனுக்கு மோகம். பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு அவனை ஒருத்தியிடமிருந்து மற்றொருத்தியிடம் கைமாற்றி அனுப்பிவிடுகிறார்கள். கடைசிவரை அவனுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அந்தப் பெண்ணோ பந்தாட்டத்தைத் தொடர்கிறாள். அவள் விளையாட்டு நிற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு மீண்டும் வருவோம்.

சிறு படமாயிருப்பதே போதுமா என்றால் போதாது. 2010இல் வந்த ‘களவாணி’யும் சிறு படந்தான். வேலைவெட்டியில்லாத இளைஞன் பள்ளி மாணவியைத் துரத்துகிறான், துரத்தலே நகைச்சுவையாகிறது, கடைசியில் துரத்தியவனுக்கே வெற்றி. 2013 செப்டம்பரில் வந்த ‘வருத்தப்படாத வாலிபர் சங்க’த்தின் வேடிக்கை இன்னும் பெரிது. ஆசிரியைக்குக் கடிதம் கொடுக்க மாணவியையே தூதாக்குகிறான் நாயகன். வயது நிறையாத அவளுடைய திருமணத்தைக் காவல்துறையை வைத்து நிறுத்துபவனும் அவனே. பிறகு அவளுக்கே காதலனாகிறவனும் அவனே. பெண்ணின் விருப்பமின்றி, அவள் மறுத்த பின்னும் அவளைப் பின்தொடர்வது தனிக்குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு சேர்க்கப்பட்டதும் அதே 2013ஆம் ஆண்டில்தான் என்பதை நினைவூட்டுகிறோம். நாடாளுமன்றம் குற்றமென்றதை நம் அரங்குகள் அவ்வாண்டே கைதட்டி வரவேற்றன.

இவையெல்லாம் மேல்நாட்டு நாகரிகத்தின் கேடு என்று நம் பெரியோர் எளிதாகச் சொல்லிவிடுவர். அப்படியன்று. இந்த மயக்கத்தைத் தமிழ் இலக்கணம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெயரிட்டு வைத்திருக்கிறது. கைக்கிளை என்பது அதன் பெயர். ஒருதலைக் காமம் என்று பொதுவாகச் சொல்லிப் போகிறோம்; தொல்காப்பியர் இன்னும் நுணுகிப் பார்க்கிறார். காதலுக்குரிய பருவம் எய்தாத சிறு பெண்ணிடம் ஒருவன் தன் வருத்தத்தைச் சொல்கிறான்; அவளிடமிருந்து மறுமொழி இல்லை; தான் பேசிய பேச்சிலேயே தான் இன்புறுகிறான். அகத்திணையியலில் கைக்கிளைக்குத் தரும் விளக்கம் இதுவே. நம் திரைநாயகர் பலரின் முழு வரலாறும் இதற்குள் அடங்கிவிடவில்லையா? இதை அவர் அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் புறத்தே வைத்தார். நம் படக்காரர்கள் அதை ஐந்திணைக்கும் நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். குற்றம் புதிதன்று, அதை வைத்த இடந்தான் புதிது.

தொல்காப்பியர் மற்றொரு விதியும் சொன்னார். அகப்பாட்டில் தலைவன் தலைவி இன்னார் என்று பெயர் சுட்டுதல் ஆகாது. காதலைப் பாடு, ஊராரின் நாவில் ஒருத்தியின் பெயரை எறியாதே. பெயரை எறிவதற்கும் பழந்தமிழில் ஒரு முறை இருந்தது. மடலேறுதல் என்பது அது. பனங்கருக்கால் குதிரை செய்து, பெண்ணின் உருவை எழுதிக் கையிலேந்தி, தெருவிலே ஏறிவந்து, இவளால் நான் இப்படியானேன் என்று ஊரறியச் செய்வான். ஊர்ப்பழிக்கு அஞ்சிப் பெண்வீட்டார் கொடுத்துவிடுவர் என்பது கணக்கு. இதைச் சொல்லிக்காட்டி மிரட்டுவதோடு நிற்காமல் ஏறியே விட்டால் அது பெருந்திணை, பொருந்தாக் காமம் என்று வகுத்தார்கள். இற்றை நாளில் பனங்கருக்கு வேண்டுவதில்லை, கைபேசி போதும். அவள் பேருந்தில் ஏறும்போது எடுத்த படத்தின்மீது ஒரு பாட்டை ஒட்டி ஏற்றிவிட்டால், ஒரு தெருவன்று, ஒன்பது ஊர் பார்க்கும்.

அரபு இலக்கியத்திலும் இதே கதை வேறு உடையில் வருகிறது. லைலா மஜ்னூன் என்று நாமெல்லாம் உருகுகிறோம். பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ தொகுத்த ‘கிதாபுல் அகானீ’யில் கைஸின் செய்திகளைப் படித்துப் பார்த்தோர் அறிவர்: லைலாவின் தந்தை ஏன் மறுத்தார்? செல்வக் குறைவினாலன்று, குலப்பகையினாலன்று. கைஸ் அவள் பெயரைச் சொல்லிக் கவிபாடி அரபுப் பாலையெங்கும் பரப்பிவிட்டான். பெண்ணின் பெயரைப் பாட்டில் இழுத்து ஊர்வாயில் போட்டவனுக்கு அவளைக் கொடுப்பதில்லை என்பது அவர்களின் வழக்கம். லைலா வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கைஸுக்கோ ‘மஜ்னூன்’ என்னும் பட்டமும் பல நூற்றாண்டுப் புகழும் கிடைத்தன. அப்படி ஒருவன் இருந்தானா என்றே ஐயுற்ற பழைய அறிஞர் உண்டு. இருந்தானோ இல்லையோ, கதை கணக்கைச் சரியாகவே காட்டுகிறது: பாடியவன் புகழ் பெற்றான், பாடப்பட்டவள் விலை கொடுத்தாள்.

அரபு உலகம் இதைப் பார்த்துச் சிரிக்கவும் அறிந்திருந்தது. குர்துபா நகரத்து இப்னு ஹஸ்ம், ளாஹிரீ மத்ஹபின் பேரறிஞர், ஃபிக்ஹில் மலை போன்றவர். அவரே பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தவ்குல் ஹமாமா’ என்று காதலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நண்பர் ஒருவர் கனவில் கண்ட பெண்ணுக்காக ஏங்கி இளைக்கிறார். இல்லாத ஒருத்திக்காகவா இந்தப் பாடு, குளியல் மண்டபச் சுவரில் தீட்டிய சித்திரத்தைக் காதலித்திருந்தால்கூட உம்மை மன்னிக்கலாமே என்னும் கருத்தில் அவரைக் கடிந்துகொள்கிறார் இப்னு ஹஸ்ம். தம் இளமை அனுபவத்தையும் மறைக்கவில்லை. வீட்டில் வளர்ந்த பதினாறு வயதுப் பெண்ணொருத்தியிடம் ஒரு சொல் பெற ஈராண்டு முயன்றார். விருந்து நாளொன்றில், அவள் நிற்கும் வாயிலருகே இவர் போய் நிற்பார். அவள் மெல்ல அடுத்த வாயிலுக்கு நகர்வாள். இவர் அங்கே போவார். அவள் வேறிடம் போய்விடுவாள். கடைசிவரை அவள் இணங்கவில்லை. அவர் அதை அப்படியே எழுதிவைத்தார். அவள் மீது ஒரு சொல் பழி இல்லை. தமக்குக் குர்ஆனும் கவிதையும் எழுத்தும் கற்பித்தவர்கள் வீட்டுப் பெண்களே என்பதையும் அந்நூலிலேயே சொல்கிறார். அவர் பேனாவில் இருந்த மரியாதை எங்கிருந்து வந்ததென்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். காலை எட்டு மணிக்கு வல்லத்திராக்கோட்டை நிறுத்தத்தில் நின்று பாருங்கள். புதுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில் எத்தனை பிள்ளைகள்! சீருடையில் சிலர், கல்லூரிப் பையோடு சிலர், தட்டச்சும் கணினியும் கற்கப் போவோர் சிலர். படிக்கட்டில் தொங்கும் பையன்களும் உண்டு. அவர்களுள் நம் தெருப் பிள்ளைகளும் உண்டு, பார்க்காதது போல் இருக்க வேண்டாம். இதே மாவட்டத்தில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். தெருவில் நின்று கேலி பேசியோரும் அன்று இருந்தனர். கேலி ஓய்ந்தது, சைக்கிள் ஓடிற்று. அந்தப் பெண்களின் பேத்திகள்தாம் இன்று இந்தப் பேருந்தில் நிற்கிறார்கள்.

நாம் அறிந்த ஒரு செய்தி. இப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நான்காண்டுகளுக்கு முன், பிளஸ் ஒன் படித்த பெண்ணொருத்தி. வகுப்பில் முதல் மாணவி. அதே பேருந்தில் வரும் பிளஸ் டூ பையன் அவள் பெயரை இருக்கையின் முதுகில் எழுதினான். பிறகு கைபேசியில் ஏற்றினான். அவள் அவனோடு ஒரு சொல்லும் பேசியவளல்லள். செய்தி வளைகுடாவிலிருந்த அத்தாவுக்குப் போயிற்று. அங்கிருந்து ஒரு குரற்பதிவு வந்தது. மறுநாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. பதினெட்டு நிறைந்த அடுத்த மாதம் நிக்காஹ். பையனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ‘ஆம்பிளப் புள்ள, வயசு அப்படி’ என்றார்கள். அவன் இப்போது பொறியியல் இறுதியாண்டு. சென்ற ஆண்டு அப்பெண்ணின் குழந்தைக்குப் பெயர் சூட்ட நம்மை அழைத்தார்கள். பெண்குழந்தை. பாட்டியார் குழந்தையை நம்மிடம் நீட்டி, “ஹஜ்ரத், இவளாச்சும் படிச்சு முடிக்க துஆச் செய்யுங்க” என்றார். தாய் திரைக்குப் பின்னால் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை.

பெற்றோர்களே, உங்களைக் கேட்கிறோம். குற்றம் செய்தவன் ஒருவன். கதவு சாத்தப்பட்டது மற்றொருத்திக்கு. இது எந்த நீதி? மானத்தைக் காத்தோம் என்கிறீர்கள். அவள் மானத்துக்கு என்ன நேர்ந்தது, நீங்கள் காப்பதற்கு? அவள் பெயரை எழுதினவனுக்கல்லவா மானக்கேடு! பள்ளியை நிறுத்தியதன் மூலம், அவளும் ஏதோ செய்திருப்பாள் என்னும் ஊர்ப்பேச்சுக்கு நீங்களே முத்திரை குத்திக் கொடுத்தீர்கள். இதனால் அடுத்தடுத்த பெண்பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? நடந்ததை வீட்டில் சொல்லக்கூடாது என்பதையே. சொன்னால் படிப்புப் போகும். சொல்லாவிட்டால் தொல்லையோடு போகும். பேசாமல் இருந்துவிடுகிறாள். பேசாமலிருக்கும் பெண்ணைத்தான் துரத்துபவன் சம்மதம் என்று எண்ணிக்கொள்கிறான். அவன் பார்த்த படமும் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஆண்பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகன் அட்டைக் கத்தி என்று நீங்கள் சிரிக்கலாம், சட்டம் சிரிக்காது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதார் அனைவரும் குழந்தைகள். அவள் இசைந்தாள் என்னும் வாதம் அங்கே எடுபடாது. பின்தொடர்தல் என்னும் குற்றம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 78ஆம் பிரிவாகத் தொடர்கிறது. விடலைப் பிள்ளைகளின் காதலைத் தண்டிப்பதற்காகப் போக்சோ இயற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது உண்மை. அத்தகைய வழக்குகளில் இளைஞர் வாழ்வு சிதைவதைக் கண்டு சட்டத்தைத் திருத்துவது பற்றி எண்ணிப் பார்க்கவும் சொன்னது. ஆனால் நீதிமன்றம் இரங்குவதற்கு முன் காவல்நிலையம், சிறை, ஜாமீன் என்று நெடுவழி இருக்கிறது. ‘வயசு அப்படி’ என்று நீங்கள் சிரித்த சிரிப்பு அவ்வழியில் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்?

படங்களைத் தடை செய்க என்று நாம் கோரவில்லை. தடை செய்வதற்குள் அவை கைபேசியில் வந்துவிடுகின்றன. நல்லதையும் தீயதையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிந்தால் பிள்ளைகள் இரண்டையும் ஒளிந்து பார்ப்பார்கள். வேறுபாடு சொல்ல அருகில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நம் பதின்வயது மாணவரிடம் ‘அட்டகத்தி’யைப் பற்றி ஒருமுறை பேசினோம். அவன் அழ முயன்று தோற்ற இடத்தைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அப்படிப்பட்டவனை உங்களுக்குத் தெரியுமா என்றோம். சிரிப்பு அடங்கிற்று, இரண்டு மூன்று தலைகள் கவிழ்ந்தன. ஒருமணி நேர உபதேசத்தால் ஆகாதது அதில் ஆயிற்று. ‘களவாணி’யைச் சொல்லியிருந்தால் தலைகள் நிமிர்ந்திருக்கும்.

நம் ஜமாஅத்துகளுக்குச் சொல்ல வேண்டியது இது. இத்தகைய புகார் வந்தால் முதலில் அழைக்க வேண்டியது பையனின் அத்தாவை. பெண்ணின் வீட்டுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றேயொன்று: நாளைக் காலை அவள் பேருந்துக்கு வரட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நிறுத்தத்தில் இரண்டு பெரியவர்கள் ஒரு வாரம் நின்றால் போதும். சந்தூக்கு வாங்கவும் மினாராவுக்கு வெள்ளையடிக்கவும் கூட்டம் போடுகிறோம். இதற்கும் ஒரு கூட்டம் போடலாம்.

சிறு படம் எடுக்கும் இளைஞர்களிடம் நமக்கு ஒரு குறை உண்டு. உங்கள் நல்ல படங்களில்கூடப் பெண் பேருந்திலிருந்து இறங்கியதும் காமிரா பையனோடேயே போய்விடுகிறது. அவன் டீக்கடைக்குப் போவதையும் நண்பரோடு புலம்புவதையும் காட்டுகிறீர்கள். இறங்கியவள் வீட்டுக்குள் நுழைந்தபின் அங்கே என்ன நடந்தது? அவள் உம்மா என்ன கேட்டார், அண்ணன் என்ன செய்தான், மறுநாள் சீருடை அலமாரியிலேயே இருந்ததா? அந்த ஸ்காட்லாந்துப் பெண் பந்தாடிக்கொண்டே இருந்தாள் என்று அந்த இயக்குநர் காட்டினார். நம்மூர்ப் பெண்ணின் பந்து என்னாயிற்று என்று யாரேனும் எடுத்துக் காட்டுங்கள். அதிலும் சிரிப்பதற்கு இடமிருக்கும், யாரைப் பார்த்து என்பதுதான் மாறும்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. பிளஸ் ஒன்னோடு நின்றுபோன பெண்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம், மூவர். மூன்று வீட்டுக்கும் போய்வந்தோம். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் தேநீர் கொடுத்து, யோசிப்போம் என்றார்கள். மூன்றாவது வீட்டில், தனித்தேர்வராகத் தேர்வெழுத விண்ணப்பம் எங்கே வாங்க வேண்டுமென்று அந்தப் பெண்ணே வந்து கேட்டாள்.